டெலீட் செய்ய ஒரு வருடம் ஆகலாம்!

கம்ப்யூட்டரில் ஒரு பைலை உருவாக்குவது எப்படி, சேமிப்பது எப்படி, பேக் அப் எடுப்பது எப்படி என்றெல்லாம் எவ்வளவோ கட்டுரைகள் வந்துவிட்டன. ஒன்றை முறையாக அழிப்பது எப்படி என்று மட்டும் யாரும் அதிகம் எழுதுவதில்லை. டெலீட் கீயை அழுத்தினால் போய்விடப் போகிறது, இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பார்கள் போலும்.

இன்ஜினியரிங் படித்தபோது எங்களுக்கு டேட்டாபேஸ் ஒரு முழுப் பாடமாக இருந்தது. டேபிளை எப்படிப் பிரிக்க வேண்டும், எப்படி இணைக்க வேண்டும் என்று பக்கம் பக்கமாகப் படித்தோம். நீக்குவதற்கு ஒரே ஒரு வரிக் கட்டளைதான் சொல்லித் தந்தார்கள். வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, நிறுவனங்களின் சாப்ட்வேரில் மிகக் கடினமான வேலை அந்த ஒரு வரிதான் என்று. அந்த வேலைக்கு யாரும் நேரமும் ஒதுக்குவதில்லை, பணமும் ஒதுக்குவதில்லை என்பதுதான் என் குறை. இது பெரிய கம்பெனிகளின் கவலை மட்டுமல்ல. உங்கள் பென்ஷன், உங்கள் வங்கிக் கணக்கு, உங்கள் கடை பில் எல்லாம் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

டேட்டா வேறு, வரையறை வேறு

பள்ளிக்கூட வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதியிருக்கும் மாணவர் பெயர்கள் டேட்டா. பெயருக்கு ஒரு கட்டம், தேதிக்கு ஒரு கட்டம் என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்களே, அது வரையறை. ஒரு பெயரை அடித்தால் ஒரு மாணவரின் விவரம் போகும். பெயர் எழுதும் கட்டத்தையே கிழித்து எடுத்துவிட்டால், மிச்சமிருக்கும் டிக் மார்க்குகள் யாருடையவை என்று யாருக்கும் தெரியாது.

டேட்டாபேஸிலும் இதே கதைதான். எஸ்.க்யூ.எல். மொழியில் டெலீட் என்ற கட்டளை டேபிளுக்குள் இருக்கும் வரிகளை நீக்குகிறது. டிராப் என்ற கட்டளை டேபிளையே நீக்குகிறது. ஆரக்கிளில் டெலீட் செய்ததைக் கமிட் செய்வதற்கு முன் ரோல்பேக் கொடுத்துத் திரும்பப் பெறலாம். டிராப் போன்ற வரையறைக் கட்டளைகளோ அந்த நிமிடமே தாமாகக் கமிட் ஆகிவிடும். ஆரக்கிள் 10ஜி பதிப்பில் டிராப் செய்த டேபிள்களுக்கு, விண்டோஸில் இருப்பது போல ஒரு ரீசைக்கிள் பின் கொடுத்தார்கள். ஆனால் டேபிளிலிருந்து ஒரு பீல்டை மட்டும் நீக்கினால் அது அந்தப் பின்னுக்குப் போகாது.

நிறுவன சாப்ட்வேரில் வரையறை என்பது டேபிளும் பீல்டும் மட்டுமல்ல. வரி விகிதக் குறியீடு, கிளைக் குறியீடு, ஊழியர் வகை போன்றவையும் வரையறைகள்தான். ஒன்றை நம்பி ஆயிரம் பதிவுகள் நிற்கும்.

வீட்டிலேயே செய்து பாருங்கள்

எக்ஸெலில் ஒரு சீட்டுக் கணக்கு போடுங்கள். ஏ நெட்டு வரிசையில் பெயர், பி-யில் போன் எண், சி-யில் முகவரி, டி-யில் கட்டிய தொகை, இ-யில் பாக்கி. இன்னொரு ஷீட்டில், பெயரைக் கொடுத்தால் கட்டிய தொகையைக் காட்டும்படி வி-லுக்கப் பார்முலா எழுதுங்கள். நான்காவது வரிசை என்பதால் அதில் 4 என்று கொடுப்பீர்கள்.

இப்போது போன் எண் எதற்கு என்று பி வரிசையை முழுதாக டெலீட் செய்யுங்கள். பி வரிசையை நேரடியாகக் குறிப்பிட்ட பார்முலா எங்காவது இருந்தால் அது ரெஃப் என்ற பிழையைக் காட்டும். அது நல்லது. தப்பு நடந்தது உடனே தெரிந்துவிடும். ஆனால் வி-லுக்கப் எந்தப் பிழையும் காட்டாது. நான்காவது வரிசையாக இப்போது பாக்கித் தொகை வந்துவிட்டதால், கட்டிய தொகைக்குப் பதில் பாக்கித் தொகையைச் சமர்த்தாகக் காட்டும். 500 ரூபாய் கட்டியவர் 9,500 கட்டியதாகத் தெரியும்.

வரையறையை அவசரப்பட்டு நீக்குவதன் ஆபத்து இதுதான். சாப்ட்வேர் நின்றுபோனால் பரவாயில்லை. நிற்காமல் தப்பாக ஓடுவதுதான் பயங்கரம்.

அம்பத்தூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலை. பெயர் வேண்டாம். சம்பள சாப்ட்வேரில் எல்லோருக்கும் புதிய ஊழியர் எண் கொடுத்தாகிவிட்டது, பழைய டோக்கன் எண் இனி தேவையில்லை என்று அந்த பீல்டை நீக்கியிருந்தார்கள். ஒரு வருடத்துக்கும் மேல் எந்தப் பிரச்னையும் இல்லை. மாதா மாதம் சம்பளம் சரியாகப் போனது. பிறகு சிலர் ஓய்வு பெற்றபோதுதான் கிராஜுவிட்டி கணக்கில் சேவைக் காலம் குறைந்து வந்தது. பழைய ஆட்களின் வேலையில் சேர்ந்த தேதி, டோக்கன் எண்ணோடு மட்டுமே இணைக்கப்பட்ட ஒரு பழைய டேபிளில் இருந்திருக்கிறது. அந்த இணைப்பு அறுந்ததால், புதிய சாப்ட்வேருக்கு மாறிய தேதியையே சேர்ந்த தேதியாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

கிராஜுவிட்டி சட்டப்படி, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சேவை வருடங்களால் பெருக்க வேண்டும். அந்தத் தொகை 26,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு வருடத்துக்கு 15,000 ரூபாய். பத்து வருடம் காணாமல் போனால் ஒன்றரை லட்சம் ரூபாய். மெஷின் முன்னால் நின்றே வாழ்க்கையைக் கழித்த ஒருவருக்கு அது மகளின் கல்யாணச் செலவு. பழைய காகிதப் பதிவேடுகளைத் தேடி எடுத்து ஒவ்வொருவராகச் சரி செய்தார்கள். காகிதம் கரையானுக்குப் போயிருந்தால்?

12 சதவீதம் எங்கே போயிற்று?

இந்தியா முழுவதும் கடைக்காரர்கள் ஒரே நாளில் சந்தித்த ஒரு உதாரணம் இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. 12, 28 என்ற இரண்டு அடுக்குகளை எடுத்துவிட்டு 5, 18 ஆகியவற்றை முக்கிய விகிதங்களாக வைத்தார்கள். ஒரு சில பொருட்களுக்கு மட்டும் 40 வந்தது. நெய், மிக்சர், குடை, சைக்கிள் எல்லாம் 12-லிருந்து 5-க்கு இறங்கின. ஏ.சி., சிமெண்ட் 28-லிருந்து 18-க்கு வந்தன.

"12 தான் போய்விட்டதே, பில்லிங் சாப்ட்வேரிலிருந்து அதைத் தூக்கிவிடலாமா?" என்று என்னிடமே சிலர் கேட்டார்கள். கூடாது. செப்டம்பர் 15-ல் 12 சதவீத வரியோடு சைக்கிள் வாங்கியவர், 25-ஆம் தேதி அதைத் திருப்பிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கான கிரெடிட் நோட்டை விற்ற நாளின் 12 சதவீதத்தில்தான் போட வேண்டும். சாப்ட்வேரில் 12 இல்லையென்றால் எப்படிப் போடுவீர்கள்? புகையிலைப் பொருட்களுக்கு அந்தத் தேதிக்குப் பிறகும் 28 தொடர்ந்தது என்பதையும் கவனியுங்கள். போய்விட்டது என்று செய்தியில் சொன்ன விகிதமே முழுதாகப் போகவில்லை.

இதற்கு ஒரு கால அளவும் இருக்கிறது. ஜி.எஸ்.டி. கணக்குகளை, அந்த வருடத்துக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யக் கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். 2025-26 நிதி ஆண்டின் ரிட்டர்னுக்குச் சட்டப்படி கடைசித் தேதி 2026 டிசம்பர் 31. அப்படியானால் 2032 டிசம்பர் முடியும் வரை, கேட்டால் அந்த பில்லை அதே விகிதத்தோடு எடுத்துக் காட்ட வேண்டும். எனவே 12 சதவீதத்தைப் புதிய பில்லில் யாரும் தேர்ந்தெடுக்க முடியாதபடி மறைக்க வேண்டும். பழைய பில் அதைத் தேடி வரும்போது அது அங்கே இருக்க வேண்டும். மறைப்பதும் அழிப்பதும் ஒன்றல்ல.

இதை நம் அலுவலகங்கள் காகிதத்தில் சரியாகத்தான் செய்து வந்திருக்கின்றன. ஆவடி 2019-ல் மாநகராட்சி ஆனது. பருத்திப்பட்டில் எங்கள் வீட்டின் பழைய வரி ரசீதுகளில் இன்றும் ஆவடி நகராட்சி என்றுதான் இருக்கிறது. அந்த ரசீதைப் பொய் என்று யாராவது சொல்வார்களா? அன்றைய தேதிக்கு அதுதான் உண்மை. கம்ப்யூட்டரும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கரூர் வங்கி காட்டும் பாடம்

1926-ல் கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி, 2020 நவம்பர் 27-ல் டி.பி.எஸ். பேங்க் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது. அதன் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு இருந்தது. 11 எழுத்துகள் கொண்ட இந்தக் குறியீட்டில் முதல் நான்கு எழுத்துகள் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், எதிர்காலத் தேவைக்காக ஒதுக்கி வைத்தது. கடைசி ஆறும் கிளையைக் குறிக்கும். வங்கியே இல்லை என்றான பிறகு அதன் நான்கு எழுத்துகளும் போக வேண்டியதுதான். ஆனால் அவை மறுநாளே போகவில்லை. பழைய குறியீடுகள் 2022 பிப்ரவரி 28 வரை செல்லும் என்று அறிவித்தார்கள். நடுவில் சில மாதங்கள் பழையதும் வேலை செய்தது, புதியதும் வேலை செய்தது. கனரா வங்கியுடன் 2020 ஏப்ரல் 1-ல் இணைந்த சிண்டிகேட் வங்கியின் குறியீடுகளும் 2021 ஜூன் 30 வரை செல்லுபடியாயின. இரண்டிலும் கணக்குப் பார்த்தால் 15 மாதம்.

ஏன் இத்தனை மாதம்? அந்தக் குறியீடு வங்கியின் கம்ப்யூட்டரில் மட்டும் இல்லை. பென்ஷன் அலுவலகத்தில் இருக்கிறது. காஸ் ஏஜென்சியில் இருக்கிறது. டிவிடெண்ட் அனுப்பும் கம்பெனியில் இருக்கிறது. துபாயில் வேலை பார்க்கும் மகனின் டைரியில் இருக்கிறது. தன் டேபிள்களையெல்லாம் வங்கி அலசிப் பார்த்துவிடலாம். மகனின் டைரியை எப்படி அலச முடியும்? அதற்கு ஒரே வழி, முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்பது.

23 நிமிடத்தில் நடந்தது

காத்திருக்காமல் அழித்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஜிரா சாப்ட்வேரை உருவாக்கும் அட்லாசியன் நிறுவனத்தின் அனுபவம் ஒன்று போதும். 2022 ஏப்ரல் 5 அன்று அவர்கள் வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து ஒரு பழைய அப்ளிகேஷனை நீக்க நினைத்தார்கள். அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் தயாராக இருந்தது. நீக்க வேண்டிய அப்ளிகேஷனின் எண்களைக் கொடுப்பதற்குப் பதில், அந்த அப்ளிகேஷன் இருந்த தளங்களின் எண்களைக் கொடுத்துவிட்டார்கள். ஸ்கிரிப்டில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நீக்குவதற்காகக் குறித்து மட்டும் வைப்பது. இன்னொன்று, நிரந்தரமாக அழிப்பது. ஓடியது இரண்டாவது.

23 நிமிடத்தில் 883 தளங்கள் அழிந்தன. 775 வாடிக்கையாளர்கள் பாதிக்கப்பட்டார்கள். பேக் அப் இருந்தது. இருந்தும் சிலருக்குத் தளம் முழுதாகத் திரும்பி வர 14 நாள் வரை ஆனது. குறித்து வைக்கும் வழி ஏற்கெனவே கைவசம் இருந்தது என்பதுதான் இதில் வேதனை.

அப்படியானால் அழிக்கவே வேண்டாமா?

இதைப் படித்துவிட்டு, எதையும் தொடாமல் அப்படியே விட்டுவிடலாமே என்று தோன்றும். நிறைய அலுவலகங்களில் அதுதான் நடக்கிறது. யாருக்கும் பொருள் தெரியாத பீல்டுகள், 'பழையது', 'பழையது2', 'கடைசி' என்ற பெயர்களில் டேபிள்கள். ஓட்டை உடைசலைப் பரணில் போட்டு வைப்பது போல. இதுவும் ஆபத்துதான்.

அமெரிக்காவில் நைட் கேபிடல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் இருந்தது. 2003-லேயே பயன்படுத்துவதை நிறுத்திய ஒரு புரோகிராமை அவர்கள் நீக்காமல் சர்வர்களிலேயே விட்டிருந்தார்கள். 2012-ல் புதிய புரோகிராம் ஒன்றுக்கு, அந்தப் பழைய புரோகிராமை இயக்கிய அதே ஃபிளாகை மறுபடி பயன்படுத்தினார்கள். எட்டு சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய புரோகிராமை ஏற்ற விட்டுப்போயிற்று. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், அந்த ஒரு சர்வரில் ஒன்பது வருடமாகத் தூங்கிக்கொண்டிருந்த பழைய புரோகிராம் எழுந்துகொண்டது. 45 நிமிடத்தில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட பரிவர்த்தனைகள். நஷ்டம் 46 கோடி டாலருக்கும் மேல். செத்துப்போன வரையறையை எடுக்காமல் வைத்தது ஒரு தவறு. அதன் பெயரை இன்னொன்றுக்குக் கொடுத்தது அதைவிடப் பெரிய தவறு.

நமக்கும் இது தெரிந்த சங்கதிதான். புது சிம் வாங்கினால், முன்பு அந்த நம்பரை வைத்திருந்தவருக்கான ஓ.டி.பி. வருகிறதல்லவா? நிறுத்தப்பட்ட மொபைல் எண்ணைக் குறைந்தது 90 நாள் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று இந்தியாவில் விதி இருக்கிறது. ஆனால் அந்த நபர் தன் பழைய வங்கிக் கணக்கிலிருந்து நம்பரை மாற்ற 90 நாளுக்கு மேல் எடுத்துக்கொண்டால்?

தவிர, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டே இருக்கச் சட்டமும் விடாது. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, ஒருவரின் விவரத்தை எதற்காக வாங்கினோமோ அந்தத் தேவை முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாதவரை அதை அழிக்க வேண்டும். இதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில் நடைமுறைக்கு வரும்படி வைத்திருக்கிறார்கள். எனவே அழிக்கத்தான் வேண்டும். எப்படி என்பதே கேள்வி.

ஆறு படிகள்

1. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடுங்கள். எஸ்.ஏ.பி. போன்ற சாப்ட்வேர்களில் ஒரு பீல்டு எங்கெங்கே பயன்படுகிறது என்று பட்டியல் எடுக்கும் வசதி உண்டு. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். டேபிளின் பெயரைப் புரோகிராம் ஓடும்போது எழுத்து எழுத்தாகச் சேர்த்து உருவாக்கியிருந்தால் பட்டியலில் வராது. அக்கவுண்டன்ட் தன் கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் எக்ஸெல் பைலும் வராது. ஸ்டோர்ஸ், அக்கவுண்ட்ஸ், ஆடிட்டர் என்று ஆட்களிடம் நேரில் கேளுங்கள்.

2. புதிய பதிவை நிறுத்துங்கள். தேர்வுப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுங்கள். பழையதைப் பார்க்க முடியும், புதிதாகப் போட முடியாது என்ற நிலைக்குக் கொண்டுவாருங்கள்.

3. புரோகிராமை முதலில் மாற்றுங்கள். அந்த பீல்டைத் தொடாத புதிய புரோகிராம் எல்லாக் கம்ப்யூட்டர்களிலும் ஏறியதை உறுதி செய்துகொண்டு, பிறகு டேபிளின் பெயரை மட்டும் மாற்றி வையுங்கள். யாருக்காவது அது தேவைப்பட்டால் போன் வரும். ஒரே கட்டளையில் பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

4. ஒரு முழுச் சுற்று காத்திருங்கள். மாதக் கடைசியில் ஓடும் ரிப்போர்ட் ஒன்று இருக்கும். தீபாவளி போனஸுக்கு மட்டும் ஓடும் புரோகிராம் இருக்கும். மார்ச் 31-க்கும், அதற்குப் பின் படிவம் 16 கொடுக்கும்போதும் மட்டும் விழித்துக்கொள்பவை இருக்கும். எனவே ஒரு வருடம் என்பது அதிகமில்லை.

5. பேக் அப் எடுத்து, அதை வேறொரு கம்ப்யூட்டரில் திரும்பப் போட்டுப் பாருங்கள். டேட்டாவோடு வரையறையும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே டிராப் செய்யுங்கள். போஸ்ட்கிரே எஸ்.க்யூ.எல்.லில், டேபிளை நம்பி வேறு ஏதாவது இருந்தால் டேட்டாபேஸ் நீக்க மறுக்கும். கேஸ்கேட் என்ற சொல்லைச் சேர்த்தால், நம்பியிருப்பவற்றையும் சேர்த்தே நீக்கிவிடும். மறுப்பு வந்தால் அந்தச் சொல்லைச் சேர்க்காதீர்கள். ஏன் மறுக்கிறது என்று பாருங்கள்.

6. பழைய பெயரை வேறெதற்கும் வைக்காதீர்கள். எது, எப்போது, யார் சொல்லி நீக்கப்பட்டது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.

யார் கணக்கில் இந்தச் செலவு?

இந்த ஆறில் பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. இருந்தும் ஏன் நடப்பதில்லை? புதிய வசதி சேர்த்தால் அதைக் காட்டி பில் போடலாம். ஒன்றை ஒழுங்காக நீக்கினால் திரையில் எதுவுமே மாறாது. எதுவும் மாறாததற்கு யார் பணம் கொடுப்பார்? "ஒரு டேபிளை எடுக்க ஒரு வருடமா?" என்று மேனேஜர் கேட்பார். அந்த வருடத்தில் ஆகும் வேலை சில மணி நேரம்தான். மற்றதெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பதை நாம் நிறுத்த வேண்டும். புதிதாகச் சேர்க்கும் ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும், ஒரு நாள் அதை எடுக்க ஆகும் செலவையும் சேர்த்தே எழுத வேண்டும் என்பது என் கருத்து.

நீங்கள் சாப்ட்வேர் எழுதுபவராக இல்லாமல் இருக்கலாம். கடைக்கோ, பள்ளிக்கோ, குடியிருப்போர் சங்கத்துக்கோ ஒரு சாப்ட்வேர் வாங்கும் இடத்தில் இருக்கலாம். விற்க வருபவர் புதிதாக என்னென்ன சேர்க்க முடியும் என்று ஒரு மணி நேரம் காட்டுவார். காட்டி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் ஒன்று வேண்டாம் என்றால் எப்படி எடுப்பீர்கள்?" உடனே டெலீட் பட்டனைக் காட்டுபவரிடம் கொஞ்சம் யோசித்துப் பணம் கொடுங்கள். "அதை யார் யாரெல்லாம் பயன்படுத்துகிறார்கள் சார்?" என்று உங்களையே திருப்பிக் கேட்பவர் கிடைத்தால், அவரை விட்டுவிடாதீர்கள்.